பொம்மசந்திராவில் ஐ.டி. சப்போர்ட் வேலை: கம்பெனி வளர்கிறது, டெக்னீஷியன் வளர்கிறாரா?

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தை 2025 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் மோதி தொடங்கிவைத்தார். ஆர்.வி. ரோட்டில் தொடங்கி சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். கடைசி நிலையம் பொம்மசந்திரா. அதற்கு அப்புறம் சந்தாபுரா, அத்திபெலே, பிறகு நம்ம ஓசூர்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ரூட் புதிது இல்லை. டிப்ளமோவோ, பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ, பி.சி.ஏ.வோ முடித்துவிட்டு "முதல்ல ஒரு வேலை" என்று பஸ் ஏறும் பலருக்கு இந்தப் பகுதியில் கிடைக்கிற முதல் வேலைகளில் ஒன்று ஐ.டி. சப்போர்ட் டெக்னீஷியன். வேலை விளம்பரங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "வேகமாக வளர்ந்துவரும் நிறுவனம்."

வளர்வது கம்பெனி. அந்த வளர்ச்சி டெக்னீஷியனுக்கு எப்படி வந்து சேரும்? இரண்டு வழிகள்தான். ஒன்று, வேலையில் அடுத்த படிக்கு ஏறுவது. இன்னொன்று, ஆள் எண்ணிக்கை கூடக் கூட கம்பெனி மீது வந்து விழும் சட்டக் கடமைகள். இரண்டுமே தானாக வந்து கதவைத் தட்டாது. அதனால்தான் இந்த விளக்கம்.

பொம்மசந்திராவில் ஐ.டி. சப்போர்ட்டுக்கு என்ன வேலை?

எலெக்ட்ரானிக் சிட்டி என்றால் சாஃப்ட்வேர் வளாகங்கள். ஒரு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொம்மசந்திரா, ஜிகனி பகுதி வேறு மாதிரி. இது தொழிற்பேட்டை. பயோகான் போன்ற மருந்து நிறுவனம், நாராயணா ஹெல்த் சிட்டி என்ற பெரிய மருத்துவமனை வளாகம், எந்திர உதிரி பாகம், மின்னணு, பேக்கேஜிங் என்று பல ரகமான தொழிற்சாலைகள்.

இந்த இடங்கள் சாஃப்ட்வேர் எழுதுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் நின்றால் வேலையும் நிற்கும். ஸ்டோரில் பார்கோடு பிரிண்டர், கேட்டில் பயோமெட்ரிக், டிஸ்பாட்ச்சில் பில் போடும் சிஸ்டம், லேப் கருவியோடு இணைந்த ஒரு பழைய பி.சி., ஷாப் ஃப்ளோரில் வைஃபை, கூரையில் சி.சி.டி.வி. இதையெல்லாம் பார்க்க ஒவ்வொரு தொழிற்சாலையும் சொந்தமாக ஒரு ஐ.டி. டீம் வைத்துக்கொள்வதில்லை. சப்போர்ட் கம்பெனிக்கு ஏ.எம்.சி. என்கிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமோ, மாதக் கட்டண ஒப்பந்தமோ கொடுத்துவிடுகிறார்கள்.

இங்கே டெக்னீஷியனுக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு தலைவலியும் உண்டு. வசதி என்னவென்றால், கையால் தொட்டுச் செய்யும் வேலை அதிகம். கேபிளை மாற்ற, சுவிட்சை ரீஸ்டார்ட் செய்ய, பிரிண்டர் ஹெட்டைத் துடைக்க யாராவது நேரில் போயாக வேண்டும். தலைவலி, இஷ்டத்துக்கு எதையும் தொட முடியாது. மருந்துத் தயாரிப்பில் ஒரு கருவியோடு இணைந்த கம்ப்யூட்டரில் சின்ன அப்டேட் போட்டாலும் அதற்கு முன்கூட்டியே ஒப்புதல், பதிவு, சோதனை எல்லாம் வேண்டும். "ஒரு ரீஸ்டார்ட் தானே" என்று செய்துவிட்டால் ஒரு பேட்ச்சின் தரப் பதிவே கேள்விக்குள்ளாகலாம்.

எல்1, எல்2, எல்3 என்றால் என்ன?

சப்போர்ட் வேலையைப் படிகளாகப் பிரிப்பார்கள்.

- எல்1: முதலில் போனை எடுப்பவர். பாஸ்வேர்டு ரீசெட், அவுட்லுக் திறக்கவில்லை, பிரிண்ட் வரவில்லை. எழுதிவைத்த செய்முறைப்படி முயற்சி செய்வார். முடியாவிட்டால் மேலே அனுப்புவார்.
- எல்2: காரணம் தேடுபவர். ஒரே பிரிண்டர் திங்கட்கிழமை மட்டும் ஏன் நின்றுபோகிறது என்று நெட்வொர்க், டிரைவர், சர்வர் என்று துருவுவார்.
- எல்3: சர்வர், ஃபயர்வால், கிளவுட் அமைப்புகளை வடிவமைத்து மாற்றுபவர்.

இதற்குள்ளேயே ஃபீல்டு இன்ஜினியர் என்றொருவர் உண்டு. பைக்கில் ஒரு நாளைக்கு நான்கைந்து கம்பெனிகளுக்கு ஓடுபவர் அவர். ரெசிடென்ட் இன்ஜினியர் என்றால் கிளையன்ட் இடத்திலேயே உட்கார்ந்திருப்பவர். விசிட்டிங் கார்டில் "இன்ஜினியர்" என்று போட்டிருந்தாலும் பல இடங்களில் செய்வது எல்1 வேலைதான்.

ஒவ்வொரு புகாரும் ஒரு 'டிக்கெட்'. எத்தனை நிமிடத்தில் பதில், எத்தனை மணி நேரத்தில் தீர்வு என்று கிளையன்ட்டோடு போட்ட ஒப்பந்தம் 'எஸ்.எல்.ஏ.'. அது தவறினால் பல ஒப்பந்தங்களில் கம்பெனிக்கு அபராதம். அந்த அழுத்தம் கடைசியில் வந்து இறங்குவது டெக்னீஷியன் தலையில்.

கம்பெனி வளர்கிறது என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

சப்போர்ட் கம்பெனியின் கணக்கு எளிது. வரவு, ஒரு கம்ப்யூட்டருக்கு அல்லது ஒரு யூசருக்கு மாதம் இவ்வளவு. பெரிய செலவு, ஆட்களின் சம்பளம். 1,000 மெஷினை 10 பேர் பார்த்தால் ஆளுக்கு 100. அதே 10 பேர் 1,500 மெஷினைப் பார்த்தால் வரவு ஒன்றரை மடங்கு, செலவு கிட்டத்தட்ட அதே.

இந்த நிலையில் கம்பெனி இரண்டு விதமாக வளரலாம்.

முதல் வகை, அகலத்தில் வளர்வது. கிளையன்ட் கூடுகிறது, டிக்கெட் கூடுகிறது, வேலை மாறவில்லை. மூன்று வருடம் கழித்தும் அதே பாஸ்வேர்டு ரீசெட். அனுபவம் மூன்று வருடம் என்று ரெஸ்யூமில் இருக்கும். உண்மையில் அது ஒரே வருடத்தை மூன்று தடவை செய்தது.

இரண்டாம் வகை, உயரத்தில் வளர்வது. கிளையன்ட் கூடும்போது எல்2 டீம் பெரிதாகிறது, நெட்வொர்க், கிளவுட், பாதுகாப்பு என்று புதுச் சேவைகள் வருகின்றன, எல்1-ல் இருப்பவர்களை மேலே இழுக்க வேண்டிய தேவை கம்பெனிக்கே வருகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். புது ஆபீஸ், புது லோகோ, லிங்க்ட்இன்னில் "வீ ஆர் ஹயரிங்". வித்தியாசம் உள்ளேதான்.

பராமரிப்பு வேலையிலிருந்து மேலே வர முடியுமா? ஒரு பழைய கதை

முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்ன அரசோடு உடன்பாடு வரவில்லை. அது விட்டுச்சென்ற கம்ப்யூட்டர்களை யார் பராமரிப்பது?

அந்த வேலையை ஏற்றுக்கொண்டது கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி. 1975-ல் தொடங்கிய மத்தியப் பொதுத்துறை நிறுவனம். பெயரிலேயே 'பராமரிப்பு'தான். தயாரிப்பாளர் உள்ளூரில் இல்லாத நிலையில், பல பிராண்டு மெஷின்களையும் அக்குவேறு ஆணிவேறாகப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அதன் பொறியாளர்களுக்கு இருந்தது. அதே நிறுவனம்தான் 1980-களின் நடுவில் டெல்லியில் ரயில் டிக்கெட் முன்பதிவைக் கணினிமயமாக்கியது. பின்னாளில் அது டாடா குழுமத்தின் கைக்குப் போய், 2015-ல் டி.சி.எஸ்.ஸோடு இணைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த நிறுவனத்தில் பராமரிப்பும் வடிவமைப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. மெஷின் ஏன் நின்றது என்று தெரிந்துகொண்ட அமைப்பு, அடுத்ததாக புதிதாக ஒன்றைக் கட்டவும் கற்றுக்கொண்டது. இன்றைய சப்போர்ட் ஒப்பந்தங்களில் பல இடங்களில் இந்தத் தொடர்பு அறுந்திருக்கிறது. 'ஏன்' என்று கேட்பவர் ஒரு டீமில், 'சரி பண்ணு' என்பவர் வேறு டீமில்.

ஏ.ஐ. வந்தால் எல்1 போய்விடுமா?

முழுதாகப் போகாது. ஆனால் ஏணியின் முதல் படி தேய்கிறது. பாஸ்வேர்டை யூசரே மாற்றிக்கொள்ளும் போர்ட்டல்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. சாட்பாட் டிக்கெட் போடுகிறது, வகை பிரிக்கிறது, வழக்கமான கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறது.

பிரச்சினை அந்தச் சின்ன வேலைகள் போவது இல்லை. புதிதாக வருபவர் தொழில் கற்றுக்கொண்டதே அந்தச் சின்ன வேலைகளில்தான். நூறு பிரிண்டர் புகாரைக் கேட்டவருக்குத்தான் நூற்றியோராவது புகார் பிரிண்டர் பிரச்சினை இல்லை, நெட்வொர்க் பிரச்சினை என்று பிடிபடும். அந்த நூறையும் பாட் எடுத்துக்கொண்டால், நேரடியாக நூற்றியொன்றில் வந்து நிற்கும் புது ஆளுக்கு யார் கற்றுக்கொடுப்பது? எல்1-ஐ வெட்டும் கம்பெனி, அந்தப் பயிற்சியை வேறு வழியில் தருகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கை வேலைக்கு இன்னும் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் சிலருக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

அன்று பெரும்பாலான மெஷின்களை தூரத்திலிருந்து சரிசெய்ய முடியவில்லை. மெஷின் ஆன் ஆனால்தானே ரிமோட்டில் உள்ளே போக முடியும்? ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஒரு ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோளாறான ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதன் ரெகவரி கீயையும் தேட வேண்டியிருந்தது. அன்றைக்கு ஆபீஸ் ஆபீஸாக ஓடியவர்கள் டெக்னீஷியன்கள்தான்.

ஒரு பாஸ்வேர்டு ரீசெட்டில் அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் குளோராக்ஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் சைபர் தாக்குதலுக்கு ஆளானது. இதற்காக, தனது ஹெல்ப்டெஸ்க்கை நடத்திவந்த காக்னிசன்ட் மீது 2025 ஜூலையில் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தது. ஊழியர் போலப் பேசிய ஆசாமிக்கு, அவர் யார் என்று சரிபார்க்காமலேயே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பது குளோராக்ஸின் குற்றச்சாட்டு. தனக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 38 கோடி டாலர் என்கிறது அது. காக்னிசன்ட் இதை மறுத்தது. தங்களிடம் ஒப்படைக்கப்பட்டது குறுகிய ஹெல்ப்டெஸ்க் வேலை மட்டுமே, சைபர் பாதுகாப்பு அல்ல என்பது அதன் பதில்.

நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வேறு விஷயம். சப்போர்ட் துறைக்குள் இதன் பாடம் தெளிவு. கம்பெனியிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் ஒருவர், எஸ்.எல்.ஏ. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, எதிர்முனையில் "அவசரம், மீட்டிங்ல இருக்கேன், சீக்கிரம் மாத்திக் குடுங்க" என்று கத்துபவரை நம்பலாமா கூடாதா என்று முடிவெடுக்கிறார். அது கம்பெனியின் வாசல் கதவு.

ஆகவே உங்களை அளக்கும் முறை என்ன என்று பாருங்கள். எத்தனை டிக்கெட் மூடினீர்கள், எத்தனை நிமிடத்தில் மூடினீர்கள் என்று மட்டும் எண்ணும் இடத்தில், சரிபார்க்க எடுத்துக்கொள்ளும் இரண்டு நிமிடம் உங்களுக்கே எதிராகப் போகும். அடையாளம் சரிபார்க்கும் முறை எழுத்தில் இருக்கிறதா, அதைப் பின்பற்றியதால் எஸ்.எல்.ஏ. தவறினால் கம்பெனி உங்கள் பக்கம் நிற்குமா? இதைச் சேரும்போதே கேட்டுவிடலாம்.

ஆள் எண்ணிக்கை கூடினால் சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது இரண்டாவது வழிக்கு வருவோம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இவற்றின் பல பிரிவுகளை மாநில விதிகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காத விஷயம், உரிமைகள் ஆள் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருப்பது. 8 பேரோடு தொடங்கிய கம்பெனி 60 பேரானால், வழியில் சில கோடுகளைத் தாண்டியிருக்கும்.

- 10 பேர்: இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி. பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவும் 10 பேரிலிருந்தே கட்டாயம்.
- 20 பேர்: பி.எஃப். அதோடு, 20 தொழிலாளர்கள் இருந்தால் குறைதீர்ப்புக் குழு. அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள்.
- 30 பேர்: அப்ரண்டிஸ்களை எடுப்பது கட்டாயம். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை.
- 50 பேர்: ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான விதிகள், கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ்.
- 300 பேர்: நிலையாணைகள். அதாவது வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் எழுத்து வடிவில், சான்று பெற்று இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கோடு கர்நாடகத்தில் ஒரு பழைய சண்டை. 1946-ம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி. துறைக்கு அந்த அரசு தொடர்ந்து விலக்கு கொடுத்துவந்தது. 2024-ல் மேலும் 5 ஆண்டுக்கு நீட்டித்தது. கே.ஐ.டி.யு. என்ற கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கம் இதை எதிர்த்தது. இப்போது அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பு வந்திருக்கிறது, வரம்பு 300 பேர். 150 பேர் வேலை செய்யும் நடுத்தர சப்போர்ட் கம்பெனிக்கு விலக்கே தேவையில்லை, அது இந்த வரம்புக்குள்ளேயே வராது. அப்படியானால் உங்கள் வேலை விதிகள் எல்லாமே உங்கள் ஆஃபர் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

எண்ணிக்கையில் வேறு விளையாட்டும் நடக்க முடியும். ஒரே ஆபீஸில், ஒரே மேனேஜரின் கீழ் வேலை செய்பவர்களின் பே ஸ்லிப்பில் வெவ்வேறு கம்பெனிப் பெயர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நீங்கள் யாருடைய ஊழியர்?

இதுதான் முதல் கேள்வி. ரெசிடென்ட் இன்ஜினியர் காலையில் கிளையன்ட் கேட்டில் பஞ்ச் செய்வார், கிளையன்ட் மேனேஜர் சொல்வதைக் கேட்பார், ஆனால் சம்பளம் சப்போர்ட் கம்பெனியிலிருந்து. சில நேரம் அதற்கும் கீழே இன்னொரு மேன்பவர் ஏஜென்சி.

புதிய சட்டப்படி எல்லாத் தொழிலாளர்களுக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். அதில் பார்க்க வேண்டியது உங்கள் நிலை என்ன என்பதை.

*நிரந்தர ஊழியர்:* பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஆண்டு உயர்வு எல்லாம் சப்போர்ட் கம்பெனியின் பொறுப்பு. இப்படிப்பட்டவர், கிளையன்ட் இடத்தில் உட்கார்ந்திருந்தாலும், சட்டத்தின் 'ஒப்பந்தத் தொழிலாளர்' வரையறைக்குள் வரமாட்டார்.

*ஒப்பந்தத் தொழிலாளர்:* 50 பேர் வரம்பு பொருந்தும் இடத்தில், கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு, அதாவது கிளையன்ட்டுக்கு உண்டு.

*குறித்த கால ஊழியர்:* ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எழுதித் தருவது. ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. முன்பு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். மாத ஊதியம் 15,000 ரூபாய் என்றால் ஒரு ஆண்டுக்கு சுமார் 8,650 ரூபாய்.

*அப்ரண்டிஸ்:* இவர் ஊழியர் இல்லை, பயிற்சி பெறுபவர். சம்பளம் இல்லை, உதவித்தொகை. பி.எஃப். கிடையாது. முறையாகப் பதிவு செய்த பயிற்சி என்றால் கடைசியில் சான்றிதழ் கிடைக்கும், அது நல்ல தொடக்கம். ஆனால் பதிவே செய்யாமல் 'டிரெய்னி' என்று பெயர் மட்டும் வைத்து முழு டிக்கெட் வேலை வாங்கினால் அது வேறு கதை.

பதவிப் பெயர் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சட்டம் பார்ப்பது பெயரை இல்லை, செய்யும் வேலையின் தன்மையை. டி.சி.எஸ். 2015-ல் வேலையை விட்டு அனுப்பிய ஒரு பொறியாளரின் வழக்கில், அவர் மேலாளர் நிலையில் இருந்தவர் என்று நிறுவனம் வாதாடியது. சென்னை தொழிலாளர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அதை ஏற்காமல், அவர் தொழிலாளியே என்று சொல்லி மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. தொழில்நுட்ப வேலை செய்யும் டெக்னீஷியனுக்கு இந்த வாதம் இன்னும் வலுவாகப் பொருந்தும்.

2.7 லட்சம் பேக்கேஜ் என்றால் கைக்கு எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. மாத மொத்தச் சம்பளம் 20,000 ரூபாய், பி.எஃப். 15,000 ரூபாய் மீது பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

- உங்களிடம் பிடிப்பது: பி.எஃப். 12% = 1,800. இ.எஸ்.ஐ. 0.75% = 150.
- கைக்கு வருவது: 18,050.
- கம்பெனி உங்களுக்காகக் கட்டுவது: பி.எஃப். 1,800, அதன் காப்பீடு மற்றும் நிர்வாகக் கட்டணம் 150, இ.எஸ்.ஐ. 3.25% = 650.
- மொத்தம் மாதம் 22,600. ஆண்டுக்கு 2,71,200.

கம்பெனி சொல்லும் "2.7 லட்சம்" இந்தக் கடைசி எண். நீங்கள் ஊரில் சொல்ல வேண்டியது 18,050. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆனால் ரூம் வாடகை பேசும்போது எந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று. இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000 ரூபாய். இன்க்ரிமென்ட் வந்து 21,500 ஆனால், அந்த அரையாண்டு முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். அம்மா அப்பாவுக்கும் சேர்த்து அதை நம்பியிருப்பவர்கள், குழு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று அப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

ஐ.டி. துறையில் ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதிக்குள் சம்பளம் வர வேண்டும். வேலையை விட்டாலோ, நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி ஊதியத்தைத் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. "செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்ப்பா" என்பது சட்டத்தின் வார்த்தை இல்லை, பழக்கத்தின் வார்த்தை.

நைட் ஷிஃப்ட், ஆன்-கால் எல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

தொழிற்சாலை மூன்று ஷிஃப்ட் ஓடினால் சப்போர்ட்டும் ஓட வேண்டும். கர்நாடகத்தின் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. 2025 ஜூனில் மாநில அரசு இதைத் தினசரி 10 மணி நேரமாகவும், ஓவர்டைமோடு சேர்த்து 12 மணி நேரமாகவும் உயர்த்தும் யோசனையை முன்வைத்தது. மூன்று மாத ஓவர்டைம் வரம்பை 50 மணியிலிருந்து 144 மணியாக்கும் யோசனையும் அதில் இருந்தது. கே.ஐ.டி.யு. எதிர்ப்புத் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டும் இதே போன்ற ஒரு முயற்சி எதிர்ப்பைச் சந்தித்தது.

சப்போர்ட் வேலையில் சிக்கல் ஓவர்டைம் மட்டும் இல்லை, 'ஆன்-கால்'. வீட்டில்தான் இருப்பீர்கள், ஆனால் இரவு 2 மணிக்குப் போன் அடித்தால் எடுக்க வேண்டும். வேலை நேரமா ஓய்வு நேரமா என்று யாரும் எழுதித் தருவதில்லை. ஆஃபர் பேசும்போது மூன்றைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் ஆன்-கால், அதற்குத் தனிப் படி உண்டா, இரவில் வேலை செய்தால் மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும். ஃபீல்டு வேலை என்றால் நான்காவதாக, பெட்ரோல் காசும் பைக் விபத்துக் காப்பீடும்.

பாண்டில் கையெழுத்துப் போடலாமா?

"ஒன்றரை வருஷம் இருக்கணும், இல்லன்னா 1 லட்சம் கட்டணும்" என்பது சின்ன கம்பெனிகளிலும் சகஜம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அதை மட்டும் காட்டி உங்களைப் பயமுறுத்தலாம். ஆனால் அது ஆட்சேர்ப்புக்குப் பெரிய நடைமுறையும் செலவும் உள்ள பொதுத்துறை வங்கியின் அதிகாரி பற்றிய வழக்கு. தொகை நியாயமானதா என்ற சோதனை எல்லா பாண்டுக்கும் பொருந்தும். பயிற்சியே தராமல் லட்சக்கணக்கில் கேட்பது அந்தச் சோதனையில் நிற்பது கஷ்டம்.

வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி செல்லாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கம்பெனியிடம் கொடுத்துவைக்காதீர்கள். காப்பி போதும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் வேலைகளில் உள்ளூர் ஆட்களுக்கு நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற பதவிகளில் 70 சதவீதம் ஒதுக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தொழில் துறையினர் எதிர்த்ததும் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தது. டெக்னீஷியன் வேலை அந்த இரண்டாவது வகையில் வரும். மசோதா மீண்டும் வருமோ வராதோ, அதில் 'உள்ளூர்' என்பதற்கு வைத்த அளவுகோல்களில் ஒன்று கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிவது.

சட்டத்தை விடுங்கள், வேலைக்கே கன்னடம் வேண்டும். ஷாப் ஃப்ளோரிலிருந்து வரும் கால், "ப்ரிண்ட் பர்தில்லா" என்றுதான் தொடங்கும். பிரிண்ட் வரவில்லை என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து அவரிடம் "எந்த லைட் எரியுது?" என்று கேட்கத் தெரிந்தால் நேரில் போகும் ஒரு டிரிப் மிச்சம். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே வளர்ந்த மொழிகள். ரெஸ்யூமில் அதை ஓரத்தில் போடாமல் மேலே போடுங்கள்.

பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் மாநிலம் மாறினாலும் மாறாது. கம்பெனி உண்மையிலேயே கட்டுகிறதா என்று பாஸ்புக்கை உமங் செயலியில் மாதாமாதம் பார்த்துவிடலாம். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால், வளர்ச்சி பற்றிய மற்ற எல்லாப் பேச்சையும் சந்தேகப்பட அது ஒன்று போதும்.

இன்டர்வியூவில் என்ன கேட்கலாம்?

"உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கடைசியில் கேட்பார்கள். "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

1. இங்கே எல்1-ல் சேர்ந்து எல்2 ஆனவர்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? எத்தனை மாதத்தில் ஆனார்கள்?
2. நான் மேலே அனுப்பும் டிக்கெட்டுக்கு என்ன தீர்வு கிடைத்தது என்று நான் பார்க்க முடியுமா?
3. ஒரு டெக்னீஷியன் எத்தனை மெஷின் பார்க்கிறார்? ஒரு வருடம் முன்பு எத்தனை?
4. என் அப்பாயின்ட்மென்ட் லெட்டரிலும் பே ஸ்லிப்பிலும் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கும்?
5. சி.சி.என்.ஏ. போன்ற சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணமோ, லீவோ தருவீர்களா?

இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் மிக முக்கியமானது. அனுப்பிய டிக்கெட் எப்படி முடிந்தது என்று பார்க்க முடிகிற இடத்தில், ஒவ்வொரு தோல்வியும் உங்களுக்கு ஒரு பாடம். பார்க்க முடியாத இடத்தில் நீங்கள் வெறும் தபால்காரர்.

முதல் கேள்விக்கு "அதெல்லாம் உங்க பெர்ஃபாமன்ஸப் பொறுத்தது" என்று பதில் வந்தால், எண்ணிக்கையைத் திரும்பவும் ஒரு தடவை மரியாதையாகக் கேளுங்கள். நன்றாக வளரும் கம்பெனியில் அப்படி மேலே வந்த ஒருவரை அதே கட்டிடத்தில் காட்டுவார்கள். அவரிடம் ஐந்து நிமிடம் பேசக் கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள்.